கெடுக்காமல் விட்ட கார்

இந்த முறை ஒரு காரையாவது கெடுக்காமல் விடுவது என்று முடிவு கட்டிவிட்டேன்.

கெடுப்பதுதான் என் உத்தியோகம். ஒரு கார் கம்பெனியில் சொகுசுப் பிரிவு இன்ஜினியர். வேகமாக ஓடும் கார்களை உருவாக்குகிற மகான்கள் மேல்மாடியில் இருக்கிறார்கள். அவர்கள் துள்ளத் துடிக்க ஒரு வண்டியைச் செய்து கீழே அனுப்புவார்கள். ஆபீஸ் போகிறவரும், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிறவரும், காய்கறிப் பையோடு திரும்புகிறவரும் அன்றாடம் ஓட்டுகிற மாதிரி அதை அடக்கி ஒடுக்கிக் கொடுப்பது என் வேலை.

வளைவில் வண்டி சாயாமல் போக வேண்டுமென்றால் அடியில் இருக்கிற ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் விறைப்பாக இருக்க வேண்டும். விறைப்பாக இருந்தால் ரோட்டில் உள்ள குழி எல்லாம் நேராக முதுகெலும்புக்கு வந்து சேரும். காற்றைக் கிழிக்க மூக்கு தாழ்ந்திருக்க வேண்டும். தாழ்ந்தால் முதல் வேகத்தடையிலேயே மூக்கு உடைபடும். சூடேறிய பிறகு கவ்விப் பிடிக்கிற பிரேக், விடியற்காலையில் குளிர்ந்து கிடக்கும்போது கிறீச்சிட்டுத் தெருவையே எழுப்பிவிடும். ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்றைப் பிடுங்கிக்கொள்ளும். நான் நடுவில் உட்கார்ந்து பேரம் பேசி, இங்கே கொஞ்சம் தளர்த்தி, அங்கே கொஞ்சம் உயர்த்தி, கடைசியில் யாருக்கும் வலிக்காத, யாருக்கும் நினைவிலும் நிற்காத ஒரு வண்டியை வெளியே அனுப்புவேன். வாங்கியவர்கள் "வசதியா இருக்கு சார்" என்பார்கள். அது எனக்குத் துக்கம் விசாரிக்கிற மாதிரி கேட்கும்.

வீட்டிலும் எனக்குச் சமரசத் துறைதான். என்ன, அங்கே தளர்த்தப்படுகிற பொருள் நான்.

வேலைக்குச் சேரும்போது மேல்மாடிக்குத்தான் மனுப் போட்டேன். என்னைச் சோதித்தவர்கள் எனக்கு ஒரு அபூர்வத் திறமை இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். சொன்னால் சிரிப்பீர்கள். என் பின்பக்கம் மிகத் துல்லியமானது. சீட்டில் உட்கார்ந்தபடியே எந்தச் சக்கரத்தில் என்ன குறை என்று சொல்லிவிடுவேன். டயருக்கு அடியில் நாணயம் கிடந்தால் பூவா தலையா என்றுகூடச் சொல்வேன் என்று எங்கள் பிரிவில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதும் நான்தான். இப்படிப்பட்ட பின்பக்கத்தை மேல்மாடியில் வீணடிக்கக் கூடாது என்று கீழே உட்கார வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து மேலே பார்த்து ஏங்குவதே பிழைப்பாகிவிட்டது.

இந்தக் கார் வந்த அன்று சோதனைத் தடத்தில் ஒரு சுற்று ஓட்டினேன். கருநீலம். ஸ்டியரிங்கைத் தொட்டேன், மூக்கு திரும்பிவிட்டது. ரோடு என் உள்ளங்கையில் பேசியது. வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இறங்காமலே உட்கார்ந்திருந்தேன். இதைத் தளர்த்த என் கை வராது என்று தெரிந்தது. இதை மட்டும் இப்படியே விட்டுவிட வேண்டும், ஒரு நாலு நாளாவது இது என் வாசலில் நிற்க வேண்டும். அதற்கு மேல் எனக்கு வாழ்க்கையில் ஒன்றும் வேண்டாம் என்று தோன்றியது.

அதற்கு ஒரே வழிதான் இருந்தது. எங்கள் கம்பெனியில் 'வீட்டு ஓட்டம்' என்று ஒரு வழக்கம். ஒரு வண்டி எவ்வளவு விறைப்பாக இருக்கலாம் என்று முடிவு செய்வதற்கு முன், அது ஒரு மாதம் ஓர் இன்ஜினியர் வீட்டில் இருக்க வேண்டும். இன்ஜினியர் அதை வேலைக்கு எடுத்து வரக் கூடாது. கம்பெனி பஸ்ஸில்தான் வர வேண்டும். வண்டி வீட்டு உபயோகத்துக்கு மட்டும். இன்ஜினியர் அதில் ஒரு திருகைக்கூடத் தொடக் கூடாது. மாதக் கடைசியில் தலைமை இன்ஜினியர் நேரில் வருவார். வீட்டில் இருப்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார். இந்த வண்டியோடு உங்களால் குடித்தனம் பண்ண முடியுமா?

முடியும் என்றால் வண்டி அப்படியே விற்பனைக்குப் போகும். அந்தச் சோதனை வண்டியும் இன்னும் ஒரு வருஷம் அந்த வீட்டு வாசலிலேயே நிற்கும். முடியாது என்றால் என் மேஜைக்கு வரும். மிச்சமிருக்கிற உயிரை நான் எடுக்க வேண்டும்.

ஆக என் கனவு முழுவதும் என் மனைவியின் வாயில் இருந்தது. நான் கேட்டது எதுவும் அந்த வாயிலிருந்து முதல் தடவையிலேயே வந்ததாகச் சரித்திரம் இல்லை.

வண்டியை வாசலில் நிறுத்திய அன்று அவள் அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"என்னங்க இது, தரையோட தரையா படுத்துக் கிடக்கு?"

"அதுதான் அதோட அழகு."

"உட்கார்ந்தா எழுந்திருக்கவே ஆள் வேணும் போலிருக்கே."

"நான் கை கொடுத்துத் தூக்க மாட்டேனா?"

"உங்களை யார் தூக்குறது?"

அன்று மாலை அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஊரைச் சுற்றி வந்தேன். நான் சொர்க்கத்தில் இருந்தேன். அவள் தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். என் மனைவி பிசியோதெரபிஸ்ட். ஊரின் மறுகோடியில் சின்ன கிளினிக் வைத்திருக்கிறாள். மற்ற மனைவிகள் முதுகு வலிக்கிறது என்பார்கள். இவள் எந்த எலும்பு என்று சொல்வாள். வீட்டுக்கு வந்து இறங்கியதும் இடுப்பில் ஆரம்பித்து ஒவ்வொரு கணுவாக மேலே ஏறிக் கழுத்துவரை போனாள். நான் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன்.

"இந்த வண்டியை நான் தொடப்போறதில்லை. எனக்கு என் பழைய வண்டியே போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

என் தலையில் இடி விழுந்தது. மறுநாள் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன். அந்தப் பஸ்ஸின் குலுக்கலில் பொதுவாக யோசனை வராது. அன்று வந்தது.

ஷாக் அப்சார்பர்களின் உச்சியில் ஆளுக்கொரு குமிழ் இருக்கும். முன்னால் இரண்டு பானெட்டுக்குள், பின்னால் இரண்டு டிக்கிக்குள். வலது பக்கம் திருப்பினால் இறுகும். இடது பக்கம் திருப்பினால் இளகும். 'டிக்' என்று ஒவ்வொரு படியாக நகரும். தினமும் விடியற்காலையில் வண்டியைத் துடைக்கிற சாக்கில் ஒரே ஒரு படி இளக்குவேன். ஒரேயடியாக இளக்கினால் கண்டுபிடித்துவிடுவாள். மாதக் கடைசிக்குள் வண்டி பஞ்சு மெத்தையாகிவிடும். அவளும் சம்மதத்துக்கு வந்துவிடுவாள். தலைமை இன்ஜினியர் வருகிற அன்று காலையில் எல்லாவற்றையும் பழையபடி இறுக்கி வைத்துவிடுவேன். என் மனைவி இளகின வண்டிக்குச் சரி சொல்வாள். கம்பெனி விறைத்த வண்டியை விற்கும். அயோக்கியத்தனம்தான். காதலுக்காகச் செய்கிற அயோக்கியத்தனத்துக்கு மன்னிப்பு உண்டு என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

திட்டம் முதல் வாரத்திலேயே பலித்தது. காலையில் ஒரு டிக். மாலையில் ஒரு சுற்று. இறங்கியதும் "எப்படி இருந்தது, எங்கே வலிச்சுது?" என்று கேட்பேன். அவள் சொல்லும் எலும்புகள் நாளுக்கு நாள் குறைந்தன. முதலில் கழுத்து விடுதலையானது. அப்புறம் தோள். ஒரு நாள் இடுப்பு மட்டும்தான் என்றாள். நான் கேட்ட கேள்வி எனக்கே ஒட்டிக்கொண்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளிடம் எங்கே வலிக்கிறது என்று தினமும் கேட்டது அந்த ஒரு மாதம்தான். அவளும் தினமும் புடவை மாற்றிக்கொண்டு வாசலில் தயாராக நின்றாள்.

ஆனால் எனக்கு உள்ளே அழுகை. ஒவ்வொரு மாலையும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருப்பதை என் பின்பக்கம் சொன்னது. முதல் நாள் ரோட்டில் கிடந்த இலையைக்கூட உணர்ந்தேன். இப்போது குழியில் விழுந்தாலும் வெண்ணெயில் விழுந்த மாதிரி இருந்தது. ஊரைச் சுற்றி வரும் ரோட்டில் இருக்கிற பெரிய வளைவில் முன்பு கத்தியைப் போல் வெட்டிக்கொண்டு போனது, இப்போது படகைப் போல் ஆடுகிறது. பழகிய ஒருவர் படுக்கையில் விழுந்து தேய்ந்துபோவதைப் பார்க்கிற வேதனை. நான்தான் தினமும் காலையில் போய் அவரை இன்னும் கொஞ்சம் தேய்த்துவிட்டு வருகிறேன். முதல் நாள் வண்டிக்காக ஏங்கியபடியே முப்பது நாளும் ஓட்டினேன். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள், உன்னை மறுபடி எழுப்பிவிடுகிறேன் என்று ஸ்டியரிங்கைத் தடவி ரகசியமாகச் சொல்வேன்.

"யார்கிட்ட பேசுறீங்க?" என்பாள் மனைவி.

"கியர் மாத்தும்போது எண்ணுவேன். பழக்கம்."

இதற்கிடையில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் என்னை மடக்கினார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உங்கள் வண்டி மத்தியானத்தில் வரும்போது உறுமுகிற உறுமலில் என் தூக்கம் கலைகிறது என்றார். மத்தியானத்தில் வண்டி வாசலில்தான் நிற்கிறது என்றேன். நிற்கிற வண்டி உறுமுமா என்று கேட்டார். ஓய்வு பெற்றவர்களுக்குக் காலையும் மாலையும் குழம்பிவிடும் என்று பரிதாபப்பட்டு விட்டுவிட்டேன்.

வண்டி எவ்வளவு ஓடியிருக்கிறது என்று மீட்டரைப் பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பது புரிகிறது. மீட்டரைப் பார்த்து வண்டியைப் புரிந்துகொள்கிறவன் கணக்குப்பிள்ளை. நான் உட்கார்ந்து புரிந்துகொள்கிறவன்.

மாதம் முடிந்தது. முந்தின நாள் மாலை இறங்கும்போது, "எங்கே வலிச்சுது?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்கேயும் இல்லீங்க" என்றாள். வெற்றி.

மறுநாள் விடியற்காலையில் துடைக்கிற துணியோடு ஓடினேன். இப்போது எல்லாக் குமிழையும் வலது பக்கம் திருப்ப வேண்டும். பானெட்டைத் திறந்து முதல் குமிழைப் பிடித்தேன். திருப்பினேன். அசையவில்லை. இன்னும் அழுத்தித் திருப்பினேன். கட்டைவிரல்தான் திரும்பியது. அடுத்ததைப் பிடித்தேன். அதுவும் அப்படியே. டிக்கியைத் திறந்து பின்னால் இருந்த இரண்டையும் முயன்றேன். நாலும் இறுகிப் போயிருந்தன. இளகின நிலையிலேயே நாலும் சிக்கிக்கொண்டுவிட்டன என்று முடிவு கட்டினேன். மாதம் முழுக்க ஒரே பக்கமாகத் திருப்பித் திருப்பி நானே கெடுத்துவிட்டேன். இன்றைக்குத் தலைமை இன்ஜினியர் வந்து பார்ப்பார். வண்டி இப்படியே, இந்த வெண்ணெய் நிலையிலேயே, விற்பனைக்குப் போகும். நானாவது என் மேஜையில் வைத்துக் கௌரவமாகக் கெடுத்திருப்பேன். இப்போது திருட்டுத்தனமாகக் கெடுத்தவன் என்ற பெயரும் சேர்ந்து வரும்.

குறடு எடுக்க உள்ளே ஓடினேன். அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. தலைமை இன்ஜினியரை நாங்கள் மேடம் என்போம். அதிகம் பேச மாட்டார். அவர் சும்மா பார்த்தாலே நாங்கள் செய்யாத தப்பையும் ஒப்புக்கொள்வோம்.

மேடம் நேராக வண்டியிடம் போனார். கண்ணாடி வழியாக மீட்டரைப் பார்த்தார். "நல்லா ஓட்டியிருக்கீங்களே" என்றார். நான் மாலை நேரச் சுற்றுகளை மனதில் கூட்டிப் பார்த்தேன். அவ்வளவு பாராட்டுக்கு அது போதாது. பிறகு பானெட்டைத் திறந்தார். ஒரு குமிழைப் பிடித்து வலது பக்கம் திருப்பிப் பார்த்தார். அசையவில்லை. இடது பக்கம் திருப்பினார். டிக் என்று இளகியது. மறுபடி வலது பக்கம் ஒரு டிக். நின்றுவிட்டது. நாலையும் அப்படியே பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒப்புக்கொள்ள வாயைத் திறந்தேன்.

"நாலும் கடைசிவரைக்கும் இறுக்கித்தான் இருக்கு. நாங்க அனுப்பினது எப்படியோ அப்படியே" என்றார் மேடம். "எத்தனையோ வீட்டு ஓட்டம் பார்த்துட்டேன். குமிழைத் தொடாத இன்ஜினியரை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்."

என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் வாசற்படியில் நின்று பக்கத்து வீட்டு மாடியை ரொம்பக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே வந்து உட்கார்ந்து காபியைக் கையில் வாங்கிக்கொண்டார் மேடம். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"முடியும்" என்றாள் என் மனைவி. என் நெஞ்சு நிறைந்துவிட்டது. "ஆனா ஒண்ணு மேடம். இவர் ஓட்டி நான் பக்கத்துல உட்கார்ந்தா முடியாது. நான் ஓட்டினா முடியும்."

"ஏன்?"

"ஓட்டுறவங்களுக்குக் குழி வர்றது முன்னாடியே தெரியும். உடம்பு தானா தயாராயிடும். கை ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கும், இடுப்பு இறுகிக்கும், அதனால வலிக்காது. பக்கத்துல இருக்கிறவங்க பாவம், தெருவை வேடிக்கை பார்த்துக்கிட்டு இருப்பாங்க. உடம்பு தளர்ந்து கிடக்கும். குழி அவங்களைத்தான் அடிக்கும். இது வண்டியோட குறை இல்லை. சீட்டோட குறை."

மேடம் காபியைக் கீழே வைத்தார். அவர் அப்படி ஒருவர் பேச்சைக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. மேல்மாடியிலும் கீழ்மாடியிலும் ஓட்டுகிறவர் இருக்கையில் உட்கார்ந்துதான் எல்லோரும் கருத்துச் சொல்கிறார்கள் என்று மெதுவாகச் சொன்னார். பிறகு உத்தரவு பிறந்தது. வண்டி இப்படியே விற்பனைக்குப் போகும். இது ஒரு வருஷம் இந்த வீட்டில் இருக்கும். அம்மா ஓட்டுவார். ஐயா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து எங்கே அடிக்கிறது என்று மாதாமாதம் சொல்லுவார்.

"உங்க பின்பக்கம் ரொம்பத் துல்லியமாச்சே" என்றார் மேடம் என்னிடம்.

"ஆகட்டும் மேடம்" என்றேன். மறுத்தால் குமிழ்க் கதை வெளியே வரும். அதைச் சொல்லத் தெரிந்தவள் எதிரிலேயே தட்டில் பிஸ்கட் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மேடம் போனதும் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"நீதான் திருப்பினியா?"

"சமையல்கட்டு ஜன்னல்ல இருந்து தெரியுதுங்க. நீங்க தினமும் இந்தப் பக்கம் ஒரு தடவை திருப்புனீங்க. பஸ் போனதும் நான் அந்தப் பக்கம் ஒரு தடவை திருப்பினேன்."

"திருப்பிட்டு?"

"கிளினிக்குக்கு எடுத்துட்டுப் போனேன்."

"தொடமாட்டேன்னு சொன்னியே."

"நல்லா இருக்குன்னு முதல் நாளே சொல்லியிருந்தா சாவியை என் கையில குடுத்திருப்பீங்களா? இத்தனை வருஷத்துல எத்தனை வண்டியில என்னைக் கூட்டிட்டுப் போயிருக்கீங்க. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நீ ஓட்டிப் பாருன்னு சொன்னது உண்டா?"

சொன்னதில்லை. அது எனக்குத் தோன்றியதே இல்லை.

"கிளினிக்குக்கு நேர் ரோடு இருக்கு" என்றாள், குரல் கொஞ்சம் தணிந்து. "நான் அதுல போகலை. ஊரைச் சுத்திக்கிட்டு அந்தப் பெரிய வளைவு வழியாத்தான் போனேன். தினமும். மத்தியானம் சாப்பிட வரும்போதும்."

"அப்போ சாயங்காலம் சொன்ன வலி எல்லாம்?"

"வலி நிஜம். பக்கத்து சீட்டுல உட்கார்ந்து பாருங்க, தெரியும். நீங்க பாவம், விடியக்காலையில குனிஞ்சு நிமிர்ந்து கஷ்டப்படுறீங்களேன்னு ஒவ்வொரு எலும்பா குறைச்சுச் சொன்னேன்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அது என் மண்டையில் ஏறியது. மாதம் முழுக்க நான் ஓட்டியது அதே வண்டி. வெண்ணெய் இல்லை, படகு இல்லை. முதல் நாள் என் உள்ளங்கையில் பேசிய அதே ரோடுதான் தினமும் பேசியிருக்கிறது. எந்தக் காருக்காக இத்தனை வருஷம் மேல்மாடியைப் பார்த்து ஏங்கினேனோ, அதற்குள் உட்கார்ந்துகொண்டே அதற்காக அழுதிருக்கிறேன். முதல் நாளுக்கு அப்புறம் அது இருந்த ஒரு நாளைக்கூட நான் அனுபவிக்கவில்லை. இனி வேண்டுமென்றாலும் ஸ்டியரிங் என் கையில் இல்லை.

அன்று மாலை அவள் ஓட்டினாள். நான் பக்கத்தில். முதல் குழியிலேயே இடுப்பில் அவள் சொன்ன அதே எலும்பு கூப்பிட்டது. அடுத்த குழியில் அதற்கு மேலே இருந்தது. பெரிய வளைவு வந்தது. அவள் பிரேக்கை லேசாகத் தொட்டு, கியரை இறக்கி, ஸ்டியரிங்கை ஒரே சீராகத் திருப்பினாள். வண்டி கோடு போட்ட மாதிரி வளைந்தது. நான் ரோட்டைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். பெண் பார்க்கப் போன அன்று ஒரு முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து தூங்காமல் கிடந்தேனே, அது எங்கே போயிற்று என்று எவ்வளவோ நாள் நினைத்ததுண்டு. இங்கேதான் இருந்திருக்கிறது, அந்த வளைவில், மத்தியானங்களில், நான் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டிருந்த நேரத்தில். எனக்கு வண்டி மேல் ஆசையா, இவள் மேல் ஆசையா என்று அந்த நிமிஷம் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில், இரண்டும் இன்னொருவர் வசத்தில்.

வாசலில் வண்டியை நிறுத்தினாள். இறங்கி வந்து, தாழ்வான சீட்டில் கிடந்த என்னைக் கை கொடுத்துத் தூக்கினாள்.

"எங்கே வலிச்சுது?" என்று கேட்டாள்.

"எங்கேயும் இல்லை" என்றேன். பிறகு, குரலை ரொம்பப் பவ்யமாக வைத்துக்கொண்டு கேட்டேன். "ஒரு வருஷம் இருக்கே. நடுவுல எப்பவாவது நான் ஒரு தடவை ஓட்டலாமா?"

அவள் என்னை நன்றாகப் பார்த்தாள். மனம் இளகிவிட்டது தெரிந்தது. சாவியை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள்.

"அதுக்கென்னங்க, தாராளமா. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நீங்களே எடுத்துட்டுப் போய் பெட்ரோல் போட்டுட்டு வாங்க."

பெட்ரோல் பங்க் எங்கள் வீட்டுக்கு எதிர்வரிசையில் இருக்கிறது.